83 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா? ரெண்டையும் வச்சிருக்கறவன் சொல்றேன்

அக்கா பொண்ணு டோம்பிவிலில இருந்து போன் பண்ணினா. "மாமா, ஒரு கேமரா வாங்கணும், எண்பதாயிரம் வரைக்கும் போடலாம், இவரு அந்த பெரிய ஜூம் கேமராதான் வேணும்ங்கறாரு, நிலாவெல்லாம் பக்கத்துல தெரியுதாம், நீங்க என்ன சொல்றீங்க"ன்னு. போன்ல பத்து நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, ஏன்னா இதே குழப்பத்துல நான் ரெண்டு தடவ பணம் போட்டிருக்கேன், ரெண்டு கேமராவும் இன்னும் வீட்டுலதான் இருக்கு, ரெண்டும் வேல செய்யுது, ஆனா ஒண்ணு செய்யற வேலய இன்னொண்ணு செய்யாது. முழுசா எழுதிடறேன், இதே இடத்துல நின்னு யோசிக்கற வேற யாருக்காவதும் ஆகும்.

என்கிட்ட இருக்கறது 2021 டிசம்பர்ல வாங்கின நிக்கான் பி950, அதாவது பிரிட்ஜ் கேமரா, லென்ஸ கழட்ட முடியாது, 24 எம்எம்ல இருந்து 2000 எம்எம் வரைக்கும் ஒரே லென்ஸ், அதுதான் அந்த 83 மடங்கு ஜூம் (எம்எம் நம்பர் ஏற ஏற தூரத்துல இருக்கறது பெருசா தெரியும்). அப்புறம் 2023 அக்டோபர்ல வாங்கின கேனான் ஆர்50, மிரர்லெஸ், லென்ஸ மாத்திக்கலாம்.

மொதல்ல பி950 ஏன் வாங்கினேன்னா சிவ்ரிக்காக. நாங்க இருக்கறது மும்பை செம்பூர், ஹார்பர் லைன் ட்ரெயின்ல ஏறினா நேரா சிவ்ரி, ஸ்டேஷனுக்கு கிழக்கால லாரியும் குடோனுமா இருக்கற ரோட்டுல ஜெட்டி வரைக்கும் போய் நின்னா எதிர்ல கண்ணுக்கெட்டின தூரம் சேறு, டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் அந்த சேத்துல ஆயிரக்கணக்குல பூநாரை. 2024 ஜனவரில திறந்த அடல் சேது பாலம் அந்தப் பக்கத்துல இருந்துதான் கிளம்புது. வெறும் கண்ணுக்கு அந்த பூநாரைங்க ரோஸ் கலர்ல ஒரு கோடு மாதிரி தெரியும், அவ்ளோதான், போன்ல எடுத்தா அந்த கோடும் இருக்காது. தண்ணி நல்லா வத்தியிருக்கற நேரத்துல போனா பறவைங்க ரொம்ப உள்ள தள்ளி நிக்கும், கடல் ஏத்தத்துக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போனா கொஞ்சம் கரைப்பக்கம் வரும், அப்பவும் தூரம்தான்.

அங்க பி950ய ஸ்டாண்டுல வச்சு 2000 எம்எம் வரைக்கும் இழுத்துட்டு மொத தடவ வியூஃபைண்டர்ல கண்ண வச்சப்போ எனக்கு மூச்சே நின்ன மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு பறவ, தலைய தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு சேத்த வடிகட்டி சாப்பிட்டுட்டு இருந்துச்சு, அலகுல இருந்து தண்ணி சொட்டறது தெரிஞ்சுது, கண்ணு செவப்பா இருக்கறது தெரிஞ்சுது. சின்ன பூநாரைக்கு அலகு முழுக்க கருஞ்செவப்பா இருண்டு இருக்கும், பெரிய பூநாரைக்கு வெளிர் ரோஸ், நுனி மட்டும் கருப்பு, இது புக்குல படிச்சதுதான், ஆனா சிவ்ரில நின்னு இது அது, அது இதுன்னு பிரிச்சு சொல்ல வச்சது அந்த ஜூம்தான். அந்த ஒரு காலைக்கே கேமராவுக்குக் குடுத்த காசு எனக்கு வசூல் ஆயிடுச்சு.

ஆனா ஜூமுக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கு, இத கடையில யாரும் சொல்றதில்ல. காலைல பத்து மணிக்கு மேல வெயில் ஏறினதும் சேத்து மேல இருந்து சூடான காத்து கிளம்பும், அதுக்கு மேல 2000 எம்எம்ல பாத்தா பறவ கொதிக்கற தண்ணிக்குள்ள நிக்கற மாதிரி நெளியும். அதுக்கு எந்த கேமராவும் எந்த லென்ஸும் மருந்து இல்ல, சீக்கிரம் எழுந்து போறது ஒண்ணுதான் வழி. பறக்கற பறவய 2000ல புடிக்கறதும் ரொம்ப கஷ்டம், ஃபிரேமுக்குள்ள கொண்டு வர்றதுக்குள்ள அது போயிடும். லென்ஸ் பக்கவாட்டுல ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கினா ஜூம் சட்டுனு பின்னாடி போய் பறவ எங்கன்னு காட்டும், விட்டா திரும்ப உள்ள போகும், அத பழகிக்கிட்டா உக்காந்திருக்கற பறவைக்குப் போதும். நிலா எடுக்கறதுக்கு டயல்லயே தனி மோட் இருக்கு, பில்டிங் பசங்க மொட்டமாடில வரிசைல நின்னு பாத்தாங்க, சனி கிரகம்கூட வளையத்தோட நீள்வட்டமா தெரியும்.

இனிமே கஷ்டமான பகுதி. 2023 மே மாசம் அப்பாவுக்கு பீமரத சாந்தி, மாதுங்கால ஒரு ஹால்ல வச்சோம். போட்டோகிராபர் வேண்டாம், நானே எடுக்கறேன்னு நான்தான் சொன்னேன், கைல ஒரு நல்ல கேமரா இருக்கேங்கற தைரியம். ஹால்ல ட்யூப்லைட், பக்கத்துல ஹோமப் புகை, அப்பா அம்மா தலைல கலசத் தண்ணி விடற அந்த ரெண்டு நிமிஷம்தான் முக்கியம். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பாத்தா அப்பா முகம் ஈரப் பேப்பர்ல வாட்டர் கலர் ஓடின மாதிரி இருக்கு, அம்மா கண்ண மூடி சிரிச்சது தண்ணியோட சேந்து ஒரே கலங்கல். திரும்ப நடத்தற விசேஷமா அது? அக்கா ஒண்ணும் சொல்லல, அவ போன்ல எடுத்தத எல்லாருக்கும் அனுப்பி வச்சா, அது இதவிட நல்லாவே இருந்துச்சு.

இதுல கம்பெனிய குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. பிரிட்ஜ் கேமராக்கள்ல பெரும்பாலானதுல இருக்கற சென்சார், அதாவது வெளிச்சத்த வாங்கி படமாக்கற சில்லு, சுமாரா 6 எம்எம்க்கு 4.5 எம்எம், சுண்டுவிரல் நகத்தவிட சின்னது. சென்சார் அவ்ளோ சின்னதா இருக்கறதாலதான் 2000 எம்எம் அளவு பார்வைய கைல தூக்கற சைஸ்ல அடக்க முடியுது, பி950 ஒரு கிலோதான், பெரிய சென்சாருக்கு அந்த பார்வை வேணும்னா லென்ஸ் ஆள் தோள்ல சுமக்கற மாதிரி வரும். ஆர்50ல இருக்கற சென்சார் சுமாரா 22க்கு 15 எம்எம், பரப்புல கிட்டத்தட்ட 12 மடங்கு. வெளிச்சம் கொட்டிக் கெடக்கற எடத்துல இந்த வித்தியாசம் பெருசா தெரியாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, வீட்டுக்குள்ள, கோவிலுக்குள்ள, ஹால்லன்னு போகும்போதுதான் முகத்துல தெரியும். (1 இஞ்ச் சென்சார் வச்ச பிரிட்ஜ் கேமராவும் இருக்கு, 2017ல வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரி, அது 600 எம்எம் வரைக்கும் போகும், நல்ல கேமரா, ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது.)

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னாடி ஃபோர்ட்டுக்குப் போனேன். போரா பஜார் பக்கம் கேமரா கடைங்க வரிசையா இருக்கும், மும்பைல கேமரா வாங்கறவங்க எல்லாரும் ஒரு தடவயாவது அங்க போயிருப்பாங்க. ஒரு கடையில, பேரு வேண்டாம், ஒரு பழைய எம்50ய கைல குடுத்து "ரொம்ப சீப் சார், இதே சென்சார், இதே கேனான்"ன்னு தள்ளப் பாத்தாரு. நல்ல கேமராதான், ஆனா அதுல லென்ஸ் மாட்டற வாய், அதாவது மவுண்ட், ஈஎஃப்-எம்ங்கற வகை, கேனான் அந்த வரிசையவே நிறுத்திட்டாங்க, ஆர்50 மாதிரி கேமராவுக்கு வர்ற புது ஆர்எஃப் லென்ஸ் அதுல மாட்டாது, ஈஎஃப்-எம் லென்ஸ் புது பாடில (லென்ஸ் இல்லாத கேமராவுல) மாட்டாது, அதாவது இன்னிக்கு மிச்சம் புடிக்கற காச நாளைக்கு லென்ஸ் தேடி அலைஞ்சே தொலைப்போம். மிரர்லெஸ் வாங்கும்போது பாடிய பாக்காதீங்க, மவுண்ட்ட பாருங்க, இத நான் அழுத்தி சொல்றேன். நான் ஆர்50யும் கூட வர்ற 18-45 கிட் லென்ஸும் எடுத்தேன்.

வாங்கின மொத வாரம் ஏமாற்றம்தான். கொலு முன்னாடி ராத்திரி குழந்தைங்க பாடறத எடுத்தா பி950யவிட நல்லாதான் இருக்கு, ஆனா நான் நெனச்ச அளவுக்கு இல்ல. ஏன்னா அந்த கிட் லென்ஸ் 45 எம்எம்ல எஃப் 6.3, இந்த எஃப் நம்பர் பெருசானா உள்ள வர்ற வெளிச்சம் கம்மி, பெரிய ஜன்னல் இருக்கற வீட்டுல கனமான திரைய போட்டு மூடின மாதிரி. ரெண்டு மாசம் பொறுத்து ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினேன், 160 கிராம்தான், கைக்குள்ள அடங்கும். 6.3க்கும் 1.8க்கும் வெளிச்சக் கணக்கு போட்டா சுமாரா 12 மடங்கு, சென்சார்ல கெடச்ச லாபம் எவ்ளோவோ அவ்ளோ லாபம் இந்த சின்ன லென்ஸ்ல இன்னொரு தடவ. அடுத்த பங்குனி உத்திரத்துக்கு செட்டா நகர் முருகன் கோவில் படியில சாயங்காலம் காவடி எடுத்துட்டு வர்றவங்கள எடுத்தேன், கண்ண தானா தேடிப் புடிச்சு ஃபோகஸ் அங்கயே ஒட்டிக்குது, நெத்தி விபூதில வேர்வ வழிஞ்சு ஒரு கோடு எறங்கியிருக்கறது தனியா தெரியுது, பின்னால இருக்கற விளக்கெல்லாம் உருண்ட உருண்டயா மங்கலா. அத பாத்தப்போ மாதுங்கா ஹால் ஞாபகம் வந்து மனசு வலிச்சுது, அஞ்சு மாசம் முன்னாடி வாங்கி என்ன பிரயோஜனம், பத்து மாசம் முன்னாடி வாங்கியிருக்கணும்.

சரி, அப்போ ஆர்50ய எடுத்துக்கிட்டு சிவ்ரி போனா? போனேன். 55-210 லென்ஸ் மாட்டினா 210 எம்எம் இந்த சென்சார்ல 336 எம்எம் மாதிரி. பி950 காட்டற அளவுக்கு பறவ பெருசா தெரியணும்னா படத்த நீளம் அகலம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கா வெட்டணும், 24 மெகாபிக்ஸல்ல மிஞ்சறது முக்கால் மெகாபிக்ஸல்கூட இல்ல. 100-400 லென்ஸ் வாங்கினா 640 எம்எம் மாதிரி, அதே மாதிரி வெட்டினா ரெண்டரை மெகாபிக்ஸல் மிஞ்சும், போன்ல பாக்க நல்லாவே இருக்கும், பறக்கற பறவைக்கு பி950யவிட ரொம்ப மேல், ஆனா அந்த லென்ஸுக்கே இன்னொரு கேமரா காசு ஆயிடும். பறவதான் உங்க உயிர், காசும் இருக்குன்னா அந்த வழியில போங்க. பறவ வேணும், பட்ஜெட் ஒண்ணுதான்னா பிரிட்ஜ் கேமராவ தயங்காம வாங்கலாம், அத மட்டமா பேசறவங்க பேச்ச கேக்காதீங்க. நிக்கான்லயே பி1000னு 3000 எம்எம் வரைக்கும் போறது 2018ல வந்துச்சு, ஒன்னரை கிலோ பக்கம் வரும், ட்ரெயின்ல தூக்கிட்டு நின்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மும்பைல இருக்கறவங்களுக்கு மழைக்காலம் பத்தி தனியா சொல்லணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் துணியே காயாத ஊரு இது, பீரோல பைக்குள்ள வச்ச லென்ஸ்ல பூஞ்சை வரும். நான் ஒரு பழைய லென்ஸ் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், கடையில வெளக்கு முன்னாடி பாத்தப்போ சுத்தமா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து போன் டார்ச்ச பின்னாடி வச்சு சாய்ச்சுப் பாத்தா உள் கண்ணாடி ஓரத்துல சிலந்தி வலை மாதிரி மெல்லிசா நூல் நூலா பரவியிருக்கு. திருப்பி எடுத்துக்கல அவங்க. அதுல இருந்து யார் பழைய லென்ஸ் வாங்கினாலும் டார்ச் வச்சு சாய்ச்சுப் பாருன்னு சொல்றேன். இப்போ ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், அது 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கணும், அதுக்கு மேல போனா ஜெல்ல சூடு பண்ணி காய வச்சு திரும்ப போடுவேன். பிரிட்ஜ் கேமராவுல இத ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா பாக்கணும், லென்ஸ் போச்சுன்னா கேமராவே போச்சு.

அக்கா பொண்ணு போன ஞாயித்துக்கெழம மாப்பிள்ளையோட வந்தா. ரெண்டு கேமராவயும் மேஜை மேல வச்சேன், மொதல்ல ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "நீ எத எடுக்கப் போற?" அவளுக்கு இப்போ ஏழாவது மாசம். "என்ன மாமா, குழந்தையத்தான்." குழந்தை எங்க இருக்கும்? வீட்டுக்குள்ள, தொட்டில்ல, ராத்திரி வெளக்குல, உன் கைக்கெட்டற தூரத்துல. சமையக்கட்டு வாசல்ல அவளயே நிக்க வச்சு ரெண்டுலயும் எடுத்துக் காட்டினேன், மாப்பிள்ளை ரெண்டு படத்தயும் பெருசு பண்ணி மாத்தி மாத்தி பாத்தாரு, அப்புறம் அவரே "அந்த 50 லென்ஸ் தனியா எவ்ளோ வரும் மாமா"ன்னு கேட்டாரு. கிட் லென்ஸ் இல்லாம பாடி மட்டும் கெடச்சா அப்டி எடுத்துட்டு 50ய சேத்துக்கோங்கன்னு சொன்னேன்.

அப்போ பி950ய வித்துடுவீங்களான்னு கேட்டாரு. அத விக்க முடியாது, அது இப்போ அம்மாவோடது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் தூரத்துல இருக்கற பறவய பாக்கணும்னு ஆச, பால்கனி கிரில்லுக்கு எதிர்ல குல்மோஹர் மரம், அதுல பட்டுப்போன ஒரு கிளையில செம்மார்புக் குக்குறுவான் பொந்து கொத்தி கூடு வச்சிருந்துச்சு, நாள் முழுக்க டுக் டுக்னு சத்தம். வியூஃபைண்டர் பக்கத்துல இருக்கற சின்ன சக்கரத்த அம்மா கண்ணுக்கு ஏத்த மாதிரி திருப்பி வச்சேன், பறவ மோட் எங்கன்னு தெரிய டயல் மேல அக்காவோட செவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வச்சு குடுத்தேன். தொளசி தொட்டி விளிம்புல மடிச்ச துண்ட போட்டு அது மேல கேமராவ சாய்ச்சுப்பாங்க. படமே எடுக்க மாட்டாங்க, பாக்கறதோட சரி. ஏப்ரல்ல ஒரு நாள் காலைல நான் குளிச்சிட்டு இருக்கேன், பால்கனில இருந்து குரல், "டேய், சீக்கிரம் வாடா, குஞ்சு வாய தெறக்குதுடா!"