நாமினியா, தாசில்தார் சான்றா, கோர்ட் சான்றா? சிறு சொத்தை வக்கீல் இல்லாமல் மாற்றுவது எப்படி

ஒரு சேமிப்புக் கணக்கு, ஓரிரு டெபாசிட், ஒரு வீடு. இறந்தவர் உயில் எழுதாமல் விட்டுப்போனது இவ்வளவுதான், வாரிசுகளுக்குள் தகராறும் இல்லை என்றால், தமிழ்நாட்டில் பெரும்பாலான வேலைக்கு வக்கீல் தேவைப்படாது. எந்தச் சான்று எதற்குச் செல்லும் என்று தெரிந்தால் போதும்.

வங்கிப் பணத்துக்கு நாமினி வழியே வேகமானது. கிளெய்ம் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாள ஆவணம், வேலை முடிந்தது. ஆனால் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூத்த மகன் நாமினி என்பதால் தங்கையின் பங்கு போய்விடாது. பிரித்துக் கொடுக்கும்போதே ரசீது எழுதி வாங்கிவிடுங்கள்.

நாமினி இல்லையென்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்று. இ-சேவையில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். பட்டா மாற்றத்துக்கும் இதுவே உதவும் என்பதால், மூன்றில் அதிகம் பயன்படுவது இதுதான். ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி, வணிக வங்கிகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் வரையும் கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும், தகராறு இல்லாவிட்டால் கோர்ட் சான்று கேட்காமல் எளிய முறையில் பணம் தர வேண்டும். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரில். பாஸ்புக்கில் 'மு. கந்தசாமி', இறப்புச் சான்றில் 'கந்தசாமி முத்து' என்று இருந்தால் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். நகல் எடுக்குமுன் இறப்புச் சான்றைத் திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த சிக்கல், விட்டுப்போன வாரிசு: இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகன் வீட்டில் இல்லாத தாயைப் பட்டியலில் மறப்பது சகஜம். (ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று பணம் எடுக்காதீர்கள், அண்ணன் தம்பிக்குள் சந்தேகம் அங்கேதான் முளைக்கும்.)

1925 வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட் தரும் சக்சஷன் சர்டிஃபிகேட் கடைசி வழி. தொகைக்கேற்ப கோர்ட் கட்டணம், அறிவிப்பு, மாதக்கணக்கில் காத்திருப்பு. வரவேண்டிய கடன், டெபாசிட், பங்கு போன்றவற்றுக்குத்தான் அது செல்லும். நிலத்துக்கு அதை வாங்குவது வீண் செலவு.

வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா வந்ததாலேயே பாகம் பிரிந்துவிடாது. வீடு ஒருவருக்கே என்றால் மற்றவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிய வேண்டும். அவர்களில் மைனர் இருந்தால் அவர் பங்கை விட்டுக்கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும்; அந்த ஒரு வேலைக்கு வக்கீலைப் பாருங்கள்.