யோக் பிடிக்கிற கைக்கு டமாஸ்கோ டிஏ36

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் வெல்டிங்கைச் சோதிப்பது என் பிழைப்பு. வெல்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்து, கையில் பிடிக்கிற மின்காந்தமான யோக்கின் இரண்டு கால்களையும் இருபுறமும் ஊன்றி, கறுப்பு மையைத் தெளித்தால், விரிசல் இருக்கிற இடத்தில் இரும்புத்தூள் கோடாக வந்து நிற்கும். ஏசி யோக் என்றால் 4.5 கிலோ இரும்பையாவது தூக்கிக் காட்டிய பிறகுதான் வேலைக்கு எடுக்கவேண்டும். அந்த யோக்கைப் பிடிக்கிற கையில் வாட்ச் கட்டினால் என்ன ஆகும்?

முந்தி ஓடும். அப்பா கொடுத்த பழைய சாவி வாட்ச், வேலை மும்முரமான வாரங்களில் நாளைக்குப் பல நிமிடங்கள் முந்தும். வேலூர் லாங் பஜாரில் வாட்ச் பார்க்கிற பாய் லூப்பைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு திறந்து பார்ப்பார். "காந்தம் ஏறிக்கீது தம்பி, ஸ்பிரிங்கு ஒட்டிக்கினு கீது." வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த கணக்குதான், அதோடு சேர்ந்து ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். பாய் ஒரு நீலப் பெட்டியின் மேல் வாட்சை வைத்து, பட்டனை அமுக்கியபடியே மெல்ல மேலே தூக்குவார். காந்தம் இறங்கிவிடும், அடுத்த வேலை வரும்வரை.

இந்தத் தொல்லைக்காகத்தான் டமாஸ்கோ டிஏ36 வாட்சை வாங்கினேன். டமாஸ்கோ பெரிய கம்பெனி இல்லை. ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்துவது. டிஏ36க்கு நான் கொடுத்த விலை, சுங்க வரியெல்லாம் சேர்த்து, லட்ச ரூபாயைத் தாண்டியது. வீட்டில் சொன்ன விலை வேறு, அதை விடுங்கள்.

சாதாரணமாக காந்தம் தாங்கும் என்று எழுதியிருக்கும் வாட்சுகளுக்கு ஐஎஸ்ஓ 764 என்ற தர விதி கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியர், காந்தப் புலத்தை அளக்கும் காஸ் கணக்கில் சுமார் 60. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தாராளம். இதில் 80,000, ஏறக்குறைய 1,000 காஸ். வித்தையெல்லாம் இல்லை. மூவ்மெண்டை, அதாவது உள்ளே ஓடும் இயந்திரத்தை, சுற்றி மெல்லிரும்பில் ஒரு கூண்டு. காந்தப் புலம் அந்த இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும், உள்ளே ஹேர்ஸ்பிரிங்கைத் தொடாது. 1950களிலேயே ஐடபிள்யூசி இன்ஜினியரும் ரோலக்ஸ் மில்காஸும் இதே வழியில்தான் போயின. டமாஸ்கோ தன் விலை கூடின மாடல்களில் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங்கும் போடுகிறது. சிலிக்கானில் காந்தம் ஏறவே ஏறாது.

யோக்கோடு முழு ஷிப்டும் நின்ற நாட்களிலும் என்னுடையது ஆறேழு விநாடிக்கு மேல் தவறவில்லை. ஆனால் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க பாய் செய்கிற காம்பஸ் சோதனை இதில் செல்லாது. பக்கத்தில் கொண்டுபோனதுமே முள் திரும்பும், அது கூண்டின் இரும்பைப் பார்த்து. காந்தம் ஏறிவிட்டது என்று பதறவேண்டாம், டைம் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

எனக்கு இன்னும் அதிகம் பிடித்தது கேஸ்தான். 60 ராக்வெல் வரை கடினப்படுத்திய ஸ்டீல். நல்ல கத்தி அலகுக்கு இருக்கும் கடினம். கிரைண்டர் பொறியும் பிளேட் விளிம்பும் படாத நாளில்லை, இருந்தும் கீறலைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். நிக்கல் இல்லாத ஸ்டீல் என்பதால் வேலூர் கத்திரி வெயிலில் வேர்த்து ஊற்றும்போதும் மணிக்கட்டில் அரிப்பு இல்லை. கறுப்பு டயலில் வெள்ளை முட்கள், கிழமை, தேதி. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிய கையோடு மணி தெரிகிறது.

குறை சொல்லாமல் விட முடியாது. உள்ளே இருப்பது ஈடிஏ 2836-2 என்ற ஸ்விஸ் மூவ்மெண்ட். நல்ல உழைப்பாளி, ஆனால் இதைவிடக் குறைந்த விலை வாட்சுகளிலும் அதுவேதான் ஓடுகிறது. கூண்டு காரணமாகப் பின்பக்கம் மூடியேதான் இருக்கும், மூவ்மெண்டை ரசிக்க வழியில்லை. கல்யாணத்துக்குக் கட்டிப்போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஸ்ட்ராப்பை ஆம்பூரில் தோல் வேலை செய்கிற நண்பரிடம் 20 மில்லிமீட்டரில் எருமைத் தோலில் தைத்து வாங்கிக்கொண்டேன்.

சும்மா மணி பார்க்கத்தான் என்றால் டிஜிட்டல் கேசியோ போதும். அதில் ஹேர்ஸ்பிரிங்கே கிடையாது. செல்போன், ஸ்பீக்கர், பர்ஸில் காந்தப் பட்டன் இவற்றுக்குப் பயந்து லட்சம் போடவும் வேண்டாம், அந்த நீலப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மோட்டார் ரீவைண்டிங், எம்பிஐ (நான் செய்கிற இந்தக் காந்தத்தூள் சோதனை), ஸ்க்ராப் யார்டில் காந்த கிரேன் என்று நாளெல்லாம் காந்தத்தோடு கிடப்பவர், மெக்கானிக்கல் வாட்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தைரியமாக வாங்கலாம். ஆனால் சிஎம்சியில் எம்ஆர்ஐக்கு யாரையாவது கூட்டிப்போனால் இதைக் கழற்றி வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள். 1.5 டெஸ்லா என்றால் 15,000 காஸ். அங்கே இந்த இரும்புக் கூண்டே வினையாகிவிடும்.