ஒரு துறைக்கே ஒரு சர்வர்: ஜூபிட்டர்ஹப் நடத்திய அனுபவம்

எங்கள் புள்ளியியல் துறையில் 2020 முதல் ஒரு ஜூபிட்டர்ஹப் ஓடுகிறது. பல பேர் பிரவுசர் வழியாக ஒரே சர்வரில் நோட்புக் எழுதி ஓட்ட உதவும் மென்பொருள் அது; நோட்புக் என்பது கோடும் அதன் முடிவும் ஒன்றாக இருக்கும் கோப்பு. பாடம் நடத்துவதும் நான், சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நான். அதனால் இரண்டு பக்கத்து அனுபவமும் உண்டு. நிறுவுவது எப்படி என்று சொல்லித்தர ஏராளமான குறிப்புகள் கிடைக்கின்றன. நிறுவிய பிறகு வருடக்கணக்கில் அதைக் கட்டிக்காப்பது எப்படி, இயங்குதளத்தை மாற்றும்போது ஆய்வு மாணவர்களின் கணக்குகள் குலையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதற்கு அவ்வளவு கிடைப்பதில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்தது ‘தி லிட்டிலெஸ்ட் ஜூபிட்டர்ஹப்’ என்ற சிறிய வடிவம். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஓடும் ஒரே ஒரு சர்வர் போதும், நூறு பேர் வரைக்கும் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. கொரோனா நேரத்தில் பாதி மாணவர்களிடம் லேப்டாப் இல்லை. இருந்தவர்களிடமும் 4 ஜிபி ரேம்தான். பிரவுசரைத் திறந்து லாகின் செய்தால் பைத்தான், ஆர் என்ற இரண்டு நிரல்மொழிகளும் தயாராக இருக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய உதவி. வகுப்பின் முதல் வாரம் முழுவதையும் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்வதிலேயே தொலைத்த காலம் அதோடு போனது. இந்த ஒரு காரணத்துக்காகவே எந்தத் துறைக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

எங்களிடம் இருப்பது 32 கோர், 128 ஜிபி ரேம் உள்ள மெஷின். எல்லோரும் கோர் எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது ரேம். ஒருவர் பெரிய சிஎஸ்வி கோப்பைப் பாண்டாஸில் (அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகம்) திறந்தால், டிஸ்க்கில் இருக்கும் அளவைவிடப் பல மடங்கு மெமரி கேட்கும். முக்கியமாக, அட்டவணையில் எழுத்தாக இருக்கும் பத்திகள். ஒரு குடும்பக் கணக்கெடுப்புத் தரவில் மாவட்டப் பெயர் லட்சக்கணக்கான வரிகளில் திரும்பத் திரும்ப வரும். பாண்டாஸ் நெடுங்காலம் வழக்கமாகச் செய்துவந்த முறையில் அப்படிப்பட்ட பத்தியை வெறும் எண்களைப்போல நெருக்கி அடுக்கி வைக்க முடியாது, இடம் தாறுமாறாகப் போகும். “மேம், கெர்னல் டெட்னு வருது, என் கோடுல என்ன தப்பு?” என்று கேட்டு வருவார்கள். கெர்னல் என்பது நோட்புக்கின் கோடைப் பின்னணியில் ஓட்டும் நிரல். கோடில் தப்பு இருக்காது. ஆளுக்கு இவ்வளவு ரேம் என்று நாங்கள் வைத்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள், லினக்ஸ் அந்த வேலையை நிறுத்தியிருக்கும். திரும்ப வரும் பெயர்களை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘கேட்டகரி’ வகைக்கு அந்தப் பத்தியை மாற்றி, தேவையான பத்திகளை மட்டும் படித்து, பார்க்கே என்ற சுருக்கமான கோப்பு வடிவில் சேமிக்கச் சொன்னால் அதே தரவு வரம்புக்குள் அடங்கிவிடும். இதை இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். வரம்பு வேண்டாம் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. வரம்பில்லாமல் விட்டால் ஒருவருடைய தவறான ஒரு மெர்ஜ் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது), தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் எல்லோரையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும். பொதுச் சேவைக்கு வரம்பு கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோர் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நம்பை மாதிரியான பைத்தான் கணக்கு நூலகங்கள் மேட்ரிக்ஸ் கணக்குக்கு ஓபன்பிளாஸ் என்ற இன்னொரு நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. அது மெஷினில் எத்தனை கோர் தெரிகிறதோ அத்தனை திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கிளை) கிளப்பிக்கொள்ளும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ரிக்ரஷன் ஓட்டினால், 32 கோருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரெட்கள் முட்டிமோதும், எல்லோருக்கும் மந்தமாகிவிடும். ஆளுக்கு இரண்டு திரெட் என்று என்விரான்மென்ட் வேரியபிள் என்ற பொது அமைப்பில் கட்டிவைத்தோம். ஒரு ரூபாய் செலவில்லாமல் வகுப்பு நேர வேகம் கண்கூடாக மாறியது.

அடுத்தது டிஸ்க். டிஸ்க் நிரம்பினால் ஹப் தன் சிறிய தரவுத்தளத்தில்கூட எழுத முடியாமல் லாகினே நின்றுபோகும். “தேவையில்லாததை அழியுங்கள்” என்று மெயில் போட்டால் மாணவர்கள் நேர்மையாக அழிக்கிறார்கள், ஆனால் டிஸ்க்கில் இடம் மிச்சமாவதில்லை. காரணம், ஜூபிட்டரில் அழிக்கும் கோப்பு உடனே போய்விடுவதில்லை. ஹோம் டைரக்டரிக்குள் (ஒவ்வொரு பயனருக்கும் உரிய ஃபோல்டர்) மறைவாக இருக்கும் ட்ராஷ் ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரவுசரில் அது கண்ணுக்கே தெரியாது. வாரம் ஒருமுறை பழைய ட்ராஷைக் காலிசெய்ய ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) எழுதிவைத்த பிறகுதான் நிம்மதி.

இனி அப்கிரேடு. இந்தச் சேவையில் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தில் எங்களுடையது உபுண்டு 18.04. அதற்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஹப் ஓடுவது சிஸ்டத்தின் பைத்தானை நம்பி. 18.04இல் அது 3.6, 22.04இல் 3.10. இருக்கும் மெஷினிலேயே இயங்குதளத்தை ஏற்றினால் ஹப்பின் காலுக்குக் கீழே இருக்கும் பைத்தான் மாறிவிடும், அது எழுந்திருக்காது. அதனால் புது மெஷினில் சுத்தமாக நிறுவி, ஹோம் டைரக்டரிகளை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் கொண்டுவந்தோம். அங்கே ஒரு நுணுக்கம்: புது சர்வரில் பயனர்களின் யூஐடி எண்கள் (லினக்ஸ் ஒவ்வொரு கணக்குக்கும் கொடுக்கும் அடையாள எண்) பழைய வரிசையில் வராது. கோப்பின் உரிமையைச் சரிசெய்யாமல் விட்டால் ஒருவருடைய நோட்புக் இன்னொருவர் பெயரில் நிற்கும். முதலில் எல்லாக் கணக்குகளையும் உருவாக்கி, பிறகு பெயரை வைத்து உரிமையை மாற்ற வேண்டும்.

இது வேலை அதிகம் என்றாலும் பயமில்லாத பகுதி. தவறினால் உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் மாறும் விஷயங்களுக்குத்தான். 18.04 கொடுத்த ஆர் 3.4. 22.04 கொடுப்பது 4.1. ஒரே தாவலில் இரண்டு பெரிய மாற்றங்களைத் தாண்டிவிட்டோம். 2019இல் வந்த ஆர் 3.6.0, ‘சாம்பிள்’ ஃபங்ஷன் ரேண்டமாக எடுக்கும் முறையைத் திருத்தியது. 2020இல் வந்த ஆர் 4.0.0, டேட்டா ஃபிரேமுக்குள் (அட்டவணைக்குள்) வரும் எழுத்துகளைத் தானாக ஃபேக்டராக்குவதை (வகைகளாக மாற்றுவதை) நிறுத்தியது. எங்கள் ஆய்வு மாணவி ஒருவர் தன் பூட்ஸ்ட்ராப் கணக்கை (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப ரேண்டமாக மாதிரி எடுக்கும் முறை)ப் புது சர்வரில் ஓட்டிப் பார்த்தார். அதே தரவு, அதே கோடு, அதே சீடு (ரேண்டம் எண்களின் தொடக்க எண்). நம்பிக்கை இடைவெளியின் மூன்றாம் தசமம் வேறாக வந்தது. ஏற்கெனவே இதழுக்கு அனுப்பிய அட்டவணை அது. என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது. பழைய முறையிலேயே எண் எடுக்கும்படி ‘ஆர்என்ஜிகைண்டு’ வழியாக ‘ரவுண்டிங்’ என்று சொன்னதும் பழைய எண்கள் அப்படியே திரும்பி வந்தன. புது முறைதான் சரியானது, பழையதில் சிறு சாய்வு இருந்தது. ஆனாலும் எது ஏன் மாறியது என்று அந்த மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆய்வேட்டில் அதை எழுத வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் வைப்பது. ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புது கோண்டா சூழலை (பைத்தானும் பேக்கேஜ்களும் தனியாக அடங்கிய தொகுப்பு) உருவாக்கி, அந்த வருடத்தின் பெயரிலேயே கெர்னலாகப் பதிந்துவிடுகிறோம். மெனுவில் ‘பைத்தான் 2023’, ‘பைத்தான் 2024’ என்று வரிசையாகத் தெரியும். புது வகுப்புகள் புதியதில் நடக்கும். பாதி ஆய்வில் இருப்பவர் தன் பழைய கெர்னலிலேயே முடிக்கலாம். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0, டேட்டா ஃபிரேமில் வரி சேர்க்கும் ‘அப்பெண்ட்’டை எடுத்தேவிட்டது. 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, பழைய நம்பைக்குக் கட்டப்பட்ட பேக்கேஜ்களை ஓடவிடவில்லை. இரண்டு முறையும் எங்கள் ஆய்வு மாணவர்களின் கோடு தொடர்ந்து ஓடியது. இதற்கு ஆகும் செலவு சூழலுக்குச் சில ஜிபி டிஸ்க், அவ்வளவுதான். மாற்றும் நாளை செமஸ்டர் நடுவில் வைக்கவே கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் விதிவிலக்கு, அவற்றை ஒத்திப்போடக் கூடாது.

முன்னோட்டம் பார்ப்பதற்கு பெர்க்லியிடமிருந்து கற்றுக்கொண்டோம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ‘டேட்டா 8’ என்ற பாடம் 2015இல் தொடங்கியது. அதைச் சுற்றி வளர்ந்த அவர்களுடைய டேட்டாஹப்பின் அமைப்புக் கோப்புகளை கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எந்த மாற்றமும் முதலில் சோதனை ஹப்புக்குப் போய், பிறகுதான் மாணவர்களின் ஹப்புக்கு வரும். எங்களுக்கு அவ்வளவு வசதி இல்லை. ஒரு பழைய டெஸ்க்டாப்பில் குட்டி ஹப் ஒன்று வைத்து, ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஒரு நோட்புக்கை அதில் முழுதாக ஓட்டிப் பார்க்கிறோம். அதுவே பாதிப் பிரச்சினையை முன்கூட்டியே காட்டிவிடும்.

அப்கிரேடுக்குப் பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மாணவர் எப்போதோ ‘பிப்’ என்ற பைத்தான் நிறுவும் கருவி வழியாகத் தன் ஹோமுக்குள் ஏதாவது நிறுவியிருப்பார். அது பொதுச் சூழலில் உள்ளதை முந்திக்கொள்ளும். சில சமயம் அவருடைய சர்வர் கிளம்பவே கிளம்பாது, ‘ஸ்பான் ஃபெயில்டு’ என்று நிற்கும். ஹோமில் மறைவாக இருக்கும் ‘லோக்கல்’ ஃபோல்டருக்குள் ‘லிப்’ பகுதியின் பெயரை மாற்றிவிட்டால் உடனே சரியாகும். இப்போது ஹோமில் நிறுவியதைக் கண்டுகொள்ளாதபடி அமைத்துவிட்டு, “எந்த பேக்கேஜ் வேண்டுமோ கேளுங்கள், போட்டுத்தருகிறோம்” என்று ஒரு ஃபார்ம் வைத்திருக்கிறோம்.

ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவை போதும். 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சரிபார்ப்பு வெளியிலிருந்து 80ஆம் போர்ட் வழியாக நடந்தால், அந்த போர்ட் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று வளாக நெட்வொர்க் ஆட்களிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

குறை என்று பார்த்தால், ராத்திரி முழுக்க ஓடும் கணக்குக்கு இது ஏற்ற இடமில்லை. சும்மா இருக்கும் சர்வர்களை ஹப் நிறுத்திவிடும், அப்படி நிறுத்தினால்தான் ரேம் அடுத்தவருக்குக் கிடைக்கும். நீண்ட வேலைகளை ஸ்கிரிப்டாக எழுதி ஸ்லர்ம் (வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்) வரிசையில் போட வேண்டும். நூறு பேரைத் தாண்டினால் பல மெஷின்களைச் சேர்த்து நடத்தும் குபர்நெட்டிஸ் பக்கம் போக வேண்டியிருக்கும். அதற்கு முழுநேர ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். நாங்கள் இன்னும் சிறிய வடிவிலேயே இருக்கிறோம். 22.04இன் வழக்கமான ஆதரவு 2027இல் முடிகிறது. அடுத்த மாற்றத்துக்கும் பழையதை நிறுத்தாமல் பக்கத்தில் நிறுவ இரண்டாவது மெஷின் வேண்டும் என்று இந்த வருட பட்ஜெட்டிலேயே கேட்டிருக்கிறேன்.