ஆல்பைன் கண்டெய்னர்: ரெண்டு வருஷம் ஓட்டியபின்

"அண்ணே, சின்ன சர்வர்தான், ஆல்பைன்லயே ஓட்டிடலாமா?" என்று தேவகோட்டைத் தம்பி ஒருவர் நேற்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, எழுதிவிடுகிறேன். ஆல்பைன் என்பது மிகச் சின்ன லினக்ஸ். புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கண்டெய்னருக்கு அதை அடித்தளமாக வைப்பார்கள்.

காரைக்குடியில் ஆத்தங்குடி தரைக்கல் விற்கும் ஒருவருக்காக சி பிளஸ் பிளஸ்ஸில் நான் ஒரு வெப் சர்வர் எழுதினேன். அறையின் நீள அகலம் கொடுத்து ஒரு கல்லைத் தொட்டால் திரையில் தரை முழுக்க அந்தக் கல்லின் பூ விரியும். ரெண்டு வருஷமாக ஆல்பைனில்தான் ஓடுகிறது. அடிப்படை இமேஜ், அதாவது கண்டெய்னரை உருவாக்கும் கோப்பு, சில எம்பிதான். நம் ஊர் நெட்டிலும் சட்டென்று இறங்கிவிடும். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் இடையில் ஒரு கிராஷ் படுத்தியது! படுக்கையறைக்குப் படம் வரும். பழைய வீட்டுப் பெரிய ஹாலைப் போட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். லாக்கில் ஒரு வரி கிடையாது. கண்டெய்னரை ஓட்டும் டாக்கரில், ஓடுபவற்றைப் பட்டியலிடும் 'டாக்கர் பிஎஸ்' போட்டால் 'அப் 4 செகண்ட்ஸ்'. நின்றால் தானே மறுபடி ஓட்டும் ரீஸ்டார்ட் பாலிசி அதை எழுப்பி எழுப்பி விட்டதால், செத்ததே பல நாள் தெரியவில்லை. மெமரிதான் பற்றவில்லை என்று லிமிட்டை இரட்டிப்பாக்கினேன், பலனில்லை. நடப்பதை உடனுக்குடன் காட்டும் டாக்கர் ஈவென்ட்ஸைத் திறந்து வைத்துப் பார்த்தபோதுதான் எக்ஸிட் கோட் 139 கண்ணில் பட்டது. மெமரி தீர்ந்து லினக்ஸின் மையமான கெர்னல் கொன்றிருந்தால் 137 வரும். 139 என்றால் 128-உடன் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக்கூடாத மெமரியைப் புரோகிராம் தொட்டுவிட்டது.

என் லேப்டாப்பில், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில், அதே ஹால் சிக்கலில்லாமல் வந்தது. வித்தியாசம், புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி லைப்ரரியில். டெபியனின் ஜிலிப்சியில் ஒரு த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) வழக்கமாக 8 எம்பி ஸ்டாக், அதாவது ஃபங்ஷன் அழைப்புகள் அடுக்கப்படும் இடம். ஆல்பைனின் மஸ்லில் வெறும் 128 கேபி. 24-க்கு 30 அடி ஹாலில் 8 அங்குலக் கல் 36-க்கு 45, மொத்தம் 1620. கல்லுக்குக் கல் தன்னையே அழைத்துக்கொண்டு போகும் ஃபங்ஷன் என்னுடையது. ஒரு அழைப்புக்கு 80 பைட்டைத் தாண்டினாலே ஸ்டாக் உடையும். 270 கல் படுக்கையறை ஏன் பிழைத்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

புரோகிராமின் துண்டுகளை இணைக்கும் லிங்க்கரில் ஸ்டாக் சைஸை 1 எம்பி ஆக்கினேன். பிறகு தன்னையே அழைக்கும் அந்த ரிகர்ஷனையே எடுத்துவிட்டு, கற்களை வரிசையில் நிறுத்தும் கியூ வைத்து எழுதினேன். முதலில் ரிகர்ஷனில் எழுதியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் செத்து விழுவதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தம்பி, நீங்கள் டெபியனின் சுருக்கிய இமேஜான டெபியன் ஸ்லிம்மே போடுங்கள். இமேஜ் பெரிதானால் ஆகட்டும். என்னுடையது ஆல்பைனிலேயே இருக்கும், மாற்றப்போவதில்லை. இன்று காலையும் அந்த 1620 கல்லைப் போட்டுப் பார்த்தேன், கடைசிச் சுவர்வரை பூ வந்தது.