பைப்பர் பாவ்னீ 235: எஞ்சின் இழுவை குறைந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

பூச்சிமருந்து தெளிப்பதற்கென்றே ஃப்ரெட் வீக் வடிவமைத்த ஒற்றை இருக்கை விமானம் பாவ்னீ. 1959-இல் விற்பனைக்கு வந்தது. உற்பத்தி நின்று நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வயலை விட்டு, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களை இழுக்கும் வேலைக்கு மாறியவை ஏராளம். 235 குதிரைசக்தி லைக்கமிங் ஓ-540 எஞ்சின் பூட்டிய மாடலைப் பற்றியது இந்த மதிப்புரை.

எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. 8.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 2575 ஆர்.பி.எம்.மில் 235 குதிரைசக்தி. திணறாமல் செய்கிற வேலை. வில்லங்கமெல்லாம் உள்ளே போகும் காற்றிலும் பெட்ரோலிலும்தான்.

முதல் சந்தேகம் கார்புரேட்டர் பனி. வெளியே 20 டிகிரி வெயில் இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் வென்சூரியில், அதாவது கார்புரேட்டரின் ஒடுங்கிய பகுதியில், பனி கட்டும். கிளைடரைக் கழற்றிவிட்டு த்ராட்டிலை மூடி இறங்கும்போது வாய்ப்பு இன்னும் அதிகம். இறக்கைக் கோணம் மாறாத நிலைக்கோண ப்ரொப்பெல்லர் என்பதால் ஆர்.பி.எம். மெல்ல இறங்குவதே அறிகுறி. கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் கார்ப் ஹீட்டை முழுசாக இழுங்கள், பாதி வேண்டாம். உருகிய நீர் உள்ளே போகும்போது எஞ்சின் முன்னைவிட மோசமாகக் குலுங்கும். பயந்துபோய் திருப்பித் தள்ளிவிடுவதுதான் வழக்கமான தப்பு. ஆனால் தரையில் இதைத் திறந்தே வைத்து ஓட்டாதீர்கள். சூடான காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. மண் ஓடுபாதைத் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும்.

அடுத்தது ஈயம். 80 ஆக்டேன் பெட்ரோலுக்காகச் செய்த குறைந்த கம்ப்ரெஷன் எஞ்சின் இது. இப்போது ஊற்றும் 100எல்எல் விமானப் பெட்ரோலில் ஈயத்தின் உச்ச அளவு அதைப்போல் நான்கு மடங்கு. கீழ்ப்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எலக்ட்ரோடு இடுக்கில் கடுகளவு சாம்பல் நிற ஈய மணிகள் தெரியும். பிளக்குக்குப் பொறி தரும் இரண்டு மேக்னட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனையில் 175 ஆர்.பி.எம்.முக்கு மேல் விழுந்தாலோ, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கிளம்ப வேண்டாம். தரையில் மிக்ஸ்சரை நன்றாக மெலித்து, அதாவது பெட்ரோலைக் குறைத்து, ஓட்டுங்கள். அணைக்கும் முன் 1800-இல் கொஞ்ச நேரம் வைத்து, 1000–1200க்கு இறக்கி, பிறகு நிறுத்துங்கள். 50 மணிக்கொருமுறை பிளக்குகளை மேல்-கீழ் மாற்றிப் போடலாம்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிடம் தடுமாறி, சூடானதும் சரியாகிறதா? "பழைய எஞ்சின் அப்படித்தான்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு ஏறி இறங்கும் குழலான கைடில் கார்பன் படிந்து வால்வு ஒட்டுகிறது. விட்டுவைத்தால் ஒருநாள் பறக்கும்போதே ஒட்டி, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை வளைத்துவிடும். வால்வு கைடுக்கு லைக்கமிங் சொல்லும் சோதனையை அது சொல்லும் இடைவெளியில் செய்யுங்கள். சந்தேகம் வந்தால் அதற்கு முன்பே.

மஃப்ளர் உள்ள விமானமா? டார்ச் அடித்துப் பாருங்கள். உள்தகடு உடைந்து வாயை அடைத்தாலும் இழுவை போகும்.

பெட்ரோல் டாங்கி பழைய மாடல்களில் எஞ்சினுக்கும் மருந்துத் தொட்டியான ஹாப்பருக்கும் நடுவே இருக்கிறது. மோதினால் எரிபொருள் விமானியின் முன்னாலேயே. இறக்கைக்கு மாற்றிய 'டி' மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். ஒவ்வொரு வடிகாலிலும் தண்ணீர் பார்ப்பது கூடுதல் வேலை, அவ்வளவே.

பாவ்னீயின் உண்மையான பலம், ஹாப்பரின் கதவைத் திறந்து மருந்தை ஒரேயடியாகக் கொட்டிவிடும் டம்ப் கைப்பிடி. 1315 கிலோ மொத்த எடையில் மருந்து மட்டும் 545 கிலோ வரை. மருந்தோடு பறக்கும்போது இழுவை குறைந்தால் முதலில் கை போக வேண்டியது அங்கேதான், கூடவே மூக்கைத் தாழ்த்த வேண்டும். வாங்கும்போது ஹாப்பரில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கதவு முழுசாகத் திறக்கிறதா என்று தரையிலேயே இழுத்துப் பாருங்கள். மருந்து உப்புப் படிந்து இறுகிய கதவுகள் உண்டு.