என்.எஸ்.எஸ்.ஸா, நேரு யுவ கேந்திராவா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழர் நிறைய வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தன்னார்வலராகச் சேர நினைக்கும் தம்பி தங்கைகள் கேட்பது இதைத்தான். இரண்டுமே ஒன்றிய இளைஞர் நல அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஆனால் நடத்தும் விதம் வேறு.

என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம், கடைசியில் சான்றிதழ். திட்ட அலுவலர் ஒரு பேராசிரியர்தான். பாடம் எடுத்த மிச்ச நேரத்தில் இதைப் பார்ப்பார். அவருக்கு ஆர்வம் இருந்தால் முகாமில் கிணறு தூர்வாருவது வரை நடக்கும். இல்லையென்றால் வளாகத்தில் புல் பிடுங்குவதோடு சரி. என் கணக்கில் இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் அந்த ஒரே நாற்காலிதான்.

1972-ல் வந்த நேரு யுவ கேந்திரா (இப்போது ‘மை பாரத்’ என்ற பெயரில்) கல்லூரிக்கு வெளியே இயங்குவது. மாவட்ட அலுவலகம், அதோடு சேர்ந்த கிராம இளைஞர் மன்றங்கள். தென்னந்தோப்பு வேலைக்குப் போகும் பையனும் சேரலாம். எனக்கு அதுதான் பெரிது. மாவட்டக் கூட்டம் மலையாளத்தில் நடந்தாலும், மன்றத்தில் நம் தமிழே போதும். 18 முதல் 29 வயதுத் தொண்டர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியமும் வைத்திருந்தார்கள். பஸ் செலவு, டீச்செலவு போக என்ன மிஞ்சும் என்று கேட்காதீர்கள்!

காலேஜில் இருந்தால் முகாமுக்காகவாவது என்.எஸ்.எஸ்.ஸில் சேருங்கள். படிப்பு முடிந்தவர்கள் ஊர் மன்றத்துக்கு வாருங்கள்.