வின்செஸ்டர் 1897: எந்த கேம் இந்தத் துப்பாக்கியைப் புரிந்துகொண்டது?

பப்ஜியில் எஸ்1897 என்ற பெயரில் கிடைக்கும் பம்ப் ஷாட்கன் (முன்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் மாடல் 1897. 1957 வரை உற்பத்தியில் இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் தயாரானது.

அதன் உயிரே ஸ்லாம் ஃபயர்தான். இன்றைய ஷாட்கன்களில் ஒவ்வொரு முறையும் விசையை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இதில் அப்படித் தடுக்கும் பாகமே கிடையாது. விசையை அழுத்திப் பிடித்தபடி பம்ப் அடித்தால், முன்பிடி முன்னால் வந்து மூடும்போதெல்லாம் வெடிக்கும். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படை 20 அங்குலக் குழல், அதன்மேல் துளையிட்ட வெப்பக் கவசம், முனையில் பயோனெட் (குத்துக்கத்தி) என்று மாற்றி இதைப் பதுங்குகுழிகளுக்குக் கொண்டுபோனது. ஜெர்மனி 1918 செப்டம்பரில் முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்ததோடு, ஷாட்கனோடு பிடிபடுபவர்களுக்கு மரண தண்டனை என்றும் எச்சரித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை.

அதனால், ஸ்லாம் ஃபயர் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் விஷயம். முதல் உலகப்போர் கேமான பேட்டில்ஃபீல்ட் 1 (2016) அதை இந்தத் துப்பாக்கியின் ஸ்வீப்பர் வகையில் தருகிறது. நெருக்கமான பதுங்குகுழியில் அதை வைத்துச் சுட்டால், ஜெர்மனி ஏன் அவ்வளவு கோபப்பட்டது என்று புரியும். என் ஓட்டு இதற்கே.

கால் ஆஃப் டூட்டி: வேர்ல்ட் அட் வார் (2008) இதை இரண்டாம் உலகப்போருக்குள் வைக்கிறது. தவறில்லை, பசிபிக் தீவுகளில் அமெரிக்க மரைன்கள் உண்மையாகவே இதை வைத்திருந்தார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கதை நடப்பது 1899இல். அதில் வரும் பம்ப் ஷாட்கனும் இதே சாயல்தான். அன்று இது புத்தம் புதுச் சரக்கு என்பதை யோசித்தால் அந்தக் கேமில் இதைத் தூக்குவதே தனி சுகம்.

சரி, பப்ஜி? வரலாறு எதுவும் சொல்லாது. ஆனால் ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் செருகும்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும் அந்தப் பதற்றத்தை இதைவிட நன்றாகக் காட்டிய கேம் இல்லை. பலர் இரட்டைக் குழல் ஷாட்கனான எஸ்686ஐ எடுப்பார்கள். இரண்டு குண்டு சட்டென்று போகும். அந்த இரண்டும் குறி தப்பினால் கையில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் சண்டை என்றால் நான் எஸ்1897 பக்கம்தான்.

தூரம் விஷயத்தில் மட்டும் கேம்கள் எதையும் நம்ப முடியாது. சமநிலைக்காகச் சன்னங்களை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளை) அகலமாகச் சிதறவிடுகிறார்கள். ஒரு தெருவைத் தாண்டினாலே அடி விழாது. நிஜத்தில் ஒரு பக்ஷாட் (பெரிய சன்னங்கள் கொண்ட) தோட்டாவின் ஒன்பது சன்னங்கள் இருபது, முப்பது மீட்டரிலும் ஆளைச் சாய்க்கும்.